பாடினால்தான் பெயரா?

நடுவர் அவர்களே! எதிரணியில் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும் நண்பர்களே! ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமக்களே! கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கும் ராஜபாளையத்து உறவுகளே!

மனத்தை வெல்வது பாடும் குரலா, வாசிக்கும் கருவியா என்பது கேள்வி. எனக்கு முன்னால் பேசிய அம்மா, "குரல் கடவுள் கொடுத்தது, கருவி கடையில வாங்கினது"ன்னு ஒரே போடாப் போட்டுட்டுப் போயிட்டாங்க. (சிரிப்பு) அம்மா, எந்த ஊரில் நின்று பேசுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? இது ஆண்டாள் ஊர். நாச்சியார் திருமொழியில் பத்துப் பாட்டை அவள் ஒரு சங்கைப் பார்த்தே பாடியிருக்கிறாள். கண்ணன் வாயின் சுவை எப்படி, மணம் எப்படி என்று யாரிடம் கேட்கிறாள்? ஊதுகிற கருவியிடம்! அவன் மூச்சு பட்டது அதற்குத்தானே தெரியும்? 'பாடித்தானே கேட்டாள்' என்று எதிரணி குறித்துக்கொள்கிறது. குறிக்கட்டும். அவள் பொறாமைப்பட்டது சங்கைப் பார்த்துத்தான்! (கைதட்டல்)

சாக்ஸபோனுக்கு வருகிறேன். பெல்ஜியத்துக்காரர் அடால்ப் சாக்ஸ் 1846-ல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி. உடம்பு பித்தளை. ஆனால் நாதம் பிறப்பது வாயில் வைக்கிற சின்ன நாணல் தகட்டில். நம்ம நாயனத்துச் சீவாளிக்கு ஒன்றுவிட்ட தம்பின்னு வெச்சுக்குங்களேன்.

ராக் இசை என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிதார்தான் ஞாபகம் வரும். ஆரம்பத்தில் அங்கே கூட்டத்தைக் கட்டிப்போட்டவர்கள் சாக்ஸபோன்காரர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' மேடைகளில், பாட்டுக்கு நடுவே அது கதறும், கெஞ்சும், கேலி செய்யும். பிக் ஜே மெக்நீலி என்று ஒருவர். மேடையில் மல்லாந்து படுத்துக்கொண்டே ஊதுவார். பாடகர் படுத்துக்கொண்டு பாடினால் டாக்டரைக் கூப்பிடுவோம்! (சிரிப்பு)

1951-ல் மெம்பிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்று ஒரு இசைத்தட்டு பதிவானது. ராக் அண்ட் ரோலின் முதல் தட்டு இதுதான் என்று சொல்வோர் பலர் உண்டு. குழுவின் தலைவர் பியானோ வாசித்த ஐக் டர்னர். சாக்ஸபோனில் அனல் பறக்க விட்டவர் ரேமண்ட் ஹில். தட்டில் யார் பெயர் வந்தது? ஜாக்கி பிரென்ஸ்டன். அவரும் அதே குழுவின் சாக்ஸபோன்காரர்தான். அந்தப் பாட்டைப் பாடியவர் அவர். வாயைத் திறந்தார், பெயர் வந்துவிட்டது! குழுவுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். ஊதிய ஹில்லை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்ம பக்கம் வாருங்கள். மங்களூர்ப் பக்கத்து நாகஸ்வரக்காரர் மகன் ஒருவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டார். கத்ரி கோபால்நாத். பொத்தான் வைத்த மேல்நாட்டுக் கருவியில் நம்ம கமகம் எப்படி வரும்? உதட்டாலும் மூச்சாலும் வளைத்தார், கருவியிலும் மாற்றம் செய்தார். அதை வசப்படுத்த ஏறத்தாழ 20 வருஷம் ஆனது. 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார். அதே வருஷம் 'டூயட்' படம். ஊதியவர் கத்ரி. தியேட்டரை விட்டு வந்த நம்ம ஜனம் என்ன சொன்னது? "பிரபு என்னமா வாசிச்சிருக்காரு!" (பலத்த சிரிப்பு) 2004-ல் பத்மஸ்ரீ வந்தது. 2019-ல் அவர் மறைந்தார்.

நம்ம வீட்டுக் கல்யாணத்தைப் பாருங்கள். பாட்டுக் கச்சேரி என்றால் பத்திரிகையில் பாடகர் பெயரைப் பெரிசாகப் போடுகிறோம். விடிகாலையிலிருந்து நாகஸ்வரம் ஊதுகிறவர் பெயர்? 'மங்கள இசை'! அவ்வளவுதான். தாலி கட்டும் நேரத்தில் பாட்டையா தேடுகிறோம்? "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னுதானே கத்துறோம்? கட்டி முடித்ததும் அவரைக் கடைசிப் பந்திக்கு அனுப்புகிறோம். அங்கே பாயசம் தீர்ந்திருக்கும். பேசின சம்பளத்திலும் பத்து, இருபது குறைக்கப் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரும் ஒத்துமையாகி விடுகிறோம்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணி அடித்துவிட்டார். எதிரணி அம்மா கவனிக்க வேண்டும்: என்னை உட்கார வைப்பதற்குக்கூட அவர் பாடவில்லை, வாத்தியத்தைத்தான் தட்டினார்!