ஆயுள் முழுதும் எடுக்கும் படங்கள்

மதிப்பீடு கற்பிக்க ஒரு கணக்கு. ஒருவர் ஆயுள் முழுதும் எடுக்கும் கைப்பேசிப் படங்களைச் சேமிக்க எவ்வளவு இடம் வேண்டும்? முதலில் பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். பெரிய எண்ணாகத்தான் சொல்வார்கள்.

ஒரு படம் 3 எம்பி, தினம் 10 படம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,950 எம்பி, அதாவது ஏறத்தாழ 11 ஜிபி. 60 ஆண்டுக்கு 660 ஜிபி. உள்ளங்கையில் அடங்கும் 1 டிபி வன்தட்டில் இடம் மிஞ்சும்! “வீடியோ, சார்?” என்று ஒரு குரல் வரும். வரட்டும். நிமிடத்துக்கு 100 எம்பி என்றால், தினம் ஒரு நிமிடமே 60 ஆண்டில் 2,190 ஜிபி.

ஆனால் அந்த வன்தட்டு 60 ஆண்டு உழைக்காது. என் மகளின் மழலைக்காலப் படங்கள் ஒரே தட்டில் இருந்தன, தட்டோடு போயின. ஆகவே இரண்டு பிரதி, சில ஆண்டுக்கொரு முறை புதுத் தட்டு. இதையும் சேர்த்து மீண்டும் பெருக்கச் சொல்லுங்கள்.