அப்பா அம்மாவிடம் இப்போதே கேட்போம்



இன்று நாங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றையும் குடும்பமாக உட்கார்ந்து பேசுகிறோம். வேலையிலிருந்து நின்ற பிறகு அப்பாவும் அம்மாவும் எங்கே இருப்பார்கள், யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் பேசுவதில்லை. கேட்டால் "என் காசுக்கு அலைகிறான்" என்று அப்பா நினைப்பாரோ என்று மகனுக்குப் பயம். "பிள்ளைக்குப் பாரமாகிவிட்டோமோ" என்று அம்மாவுக்குப் பயம். பேசாமலே வருடங்கள் போய்விடுகின்றன.

அதனால் வரும் நட்டத்தைச் சங்கத்தில் நாங்கள் பார்க்கிறோம். செக்ரோலில் 'லெட்சுமி', அடையாள அட்டையில் 'மகாலெட்சுமி', பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'லெட்சுமியம்மா'. மூன்றும் ஒருவர்தான் என்று அந்தத் தாய் இருக்கும்போது காட்டுவது சுலபம். அவர் கண்மூடிய பிறகு, பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

பெரியவர்களின் உரிமை என்னவென்று பிள்ளைகளும் தெரிந்துகொள்ளுங்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேரும். 30 வருடம் கொழுந்தெடுத்த தாய்க்கு 420 நாள் சம்பளம். வேலையிலிருந்து நின்று 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும்.

ஆனால் பேச்சைப் பணத்தில் தொடங்காதீர்கள். "அம்மா, உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று முதலில் கேளுங்கள். கொழும்பில் வேலை செய்யும் மகன் "எங்களோடு வாங்க" என்று பாசத்தோடுதான் கூப்பிடுகிறான். பகல் முழுக்கப் பூட்டிய அறையில் தனியாக இருப்பதைவிட, பக்கத்துக் காம்பிராவில் பேச ஆள் இருக்கும் லயத்தையே அம்மா விரும்பலாம். அப்படியானால் மருந்துக்கு யார் கூட்டிப் போவது, மாதம் யார் எவ்வளவு கொடுப்பது என்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். மகளின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கையில் வரும் பணத்தை மகனின் த்ரீவீலருக்கு முற்பணமாக மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் கஞ்சிக்கும் மருந்துக்கும் உள்ள பணம். சேமலாப நிதியில் பின்னுரித்தாளராக யார் பெயரைக் கொடுத்தீர்கள் என்றும் பாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை எல்லோருமாக எடுத்துப் பாருங்கள். பெயரில் வித்தியாசம் இருந்தால் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ கொண்டு வாருங்கள். திருத்துவதற்கு நாங்கள் கூட வருகிறோம்.