ஈறு ஒட்டு சிகிச்சை: லேசரா, கத்தியா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், நம் குடியிருப்பிலேயே வசிக்கும் ஈறு சிகிச்சை மருத்துவர் பேசியது)

தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்து எல்லோரும் களைத்துப் போயிருக்கிறீர்கள். சுருக்கமாகப் பேசுகிறேன்.

என்னை லிஃப்டில் பார்த்தால் வாயைத் திறந்து காட்டுகிறவர்கள் இங்கே நாலைந்து பேர் உண்டு. போன மாதம் பி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார்: "டாக்டர், ஈறு இறங்கி வேர் தெரியுதாம், ஒட்டு வைக்கணுமாம். ஒருத்தர் கத்தின்னு சொல்றார், இன்னொருத்தர் லேசர்னு சொல்றார். லேசர்னா அறுக்கவே வேண்டாமாமே?" அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

அறுக்க வேண்டும். இறங்கிய ஈறு தானாக வளர்ந்து வேரை மூடாது. லேசரைக் காட்டினாலும் வளராது. பெரும்பாலும் அண்ணத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் சதை எடுத்து, வேர் தெரியும் இடத்தில் வைத்துத் தைக்கிறோம். எந்தக் கருவியானாலும் சதை எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

வைத்த சதை எப்படிப் பிழைக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் ஈறிலிருந்து கசியும் நீரைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கும். பிறகுதான் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உள்ளே வளரும். நாற்று நடும் வயலில் சேறு ஈரமாக இருக்க வேண்டும் அல்லவா, அதே மாதிரிதான்.

கத்தியின் வெட்டு சுத்தமானது, ஈரம் கசியும். பல் மருத்துவமனைகளில் அதிகம் இருக்கும் டயோடு லேசர் சூட்டினால் வெட்டுகிறது. ரத்தக் குழாய்களை அங்கேயே அடைத்துவிடுகிறது. ரத்தமே வரவில்லை என்று நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் வெட்டிய இடத்தில் மெல்லியதாய் ஒரு கருகல் படிகிறது. ஒட்டு வைக்கப்போகும் இடத்தில் அது நமக்கு வேண்டாத விருந்தாளி. எர்பியம் லேசரில் சூடு குறைவு, விலையோ மிக அதிகம்.

லேசரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள், நானே பயன்படுத்துகிறேன். ஈறின் கருமையை நீக்க, உதட்டை ஈறோடு இழுத்துப் பிடிக்கும் தசைநாரை விடுவிக்க, அதிகம் வளர்ந்த ஈறைச் செதுக்க அது அருமையான கருவி. அங்கெல்லாம் எதுவும் ஒட்டிப் பிழைக்க வேண்டியதில்லை.

"வலி?" என்று கேட்பீர்கள். ஒட்டு வைத்த இடத்தைவிட அண்ணத்துப் புண்தான் அதிகம் வலிக்கும். மேல்தோலோடு சேர்த்து எடுத்தால் அந்தப் புண் திறந்தே இருக்கும், ஆற இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஒரு சிறு கீறல் வழியாக உள்சதையை மட்டும் எடுத்து, தோலை மூடித் தைத்துவிட்டால் வலி குறையும். இந்த முறை 1980களிலேயே வந்துவிட்டது. இதற்குக் கத்தி போதும். வலியைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் சதை எடுக்கும் முறைதான், கருவி அல்ல.

எனவே மருத்துவரிடம் கருவியின் பெயரை விசாரிக்காதீர்கள். சதை எங்கிருந்து எடுப்பீர்கள், வேர் எவ்வளவு மூடும், இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பற்களுக்கு நடுவே எலும்பு கரைந்திருந்தால் முழுதாக மூடாது. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூச்சமில்லை, மேலும் இறங்கவில்லை, துலக்கவும் முடிகிறது என்றால் சிலருக்கு ஒட்டே வேண்டாம்; கண்காணித்தால் போதும். ஆனால் அழுத்தித் துலக்கும் பழக்கத்தை விடாமல் ஒட்டு வைத்தால் அதுவும் இறங்கும்.

சர்க்கரை இருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மொட்டை மாடியில் சிகரெட்டோடு சந்திக்கும் நண்பர்களே, புகை ஒட்டின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். எந்த லேசரும் அதைச் சரிக்கட்டாது.

பி பிளாக் அம்மாவுக்கு நான்கு பல்லில் இரண்டுக்குத்தான் ஒட்டு தேவைப்பட்டது. கத்தியில்தான் செய்தோம். அடுத்த வாரம் தையல் பிரிக்கிறேன். அதுவரை பார்க்கப் போகிறவர்கள் முறுக்கு, தட்டை எதுவும் எடுத்துப் போகாதீர்கள்.