காவிரிக்கரை அடுப்பில் ஷ்னிட்சல்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு நம்மிடம் தமிழ் கற்றார். இன்று நம் பிள்ளைகள் படிக்க ஜெர்மனி போகிறார்கள். ஊறுகாய் பாட்டிலோடு போனால் மட்டும் போதுமா? அந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றாவது சமைக்கத் தெரிந்தால், பக்கத்து அறைக்காரரைத் தைரியமாக விருந்துக்கு அழைக்கலாம். பழக்கம் சாப்பாட்டில்தான் வளரும்.

எளிதானது ஷ்னிட்சல். எலும்பில்லாத பன்றிக்கறித் துண்டை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டணும். உப்பு, மிளகுத்தூள் தடவி, மைதா, அடித்த முட்டை, ரொட்டித்தூள் என்று வரிசையாகப் புரட்டணும். நம்ம கட்லெட் கதைதான்! தூளை அழுத்தாமல், தாராளமான எண்ணெயில் உடனே பொன்னிறமாகப் பொரிக்கணும். உள்ளே நன்றாக வெந்திருக்கணும்.

சோற்றுக்குப் பதில் உருளைக்கிழங்கு. வேகவைத்துச் சூட்டோடு வில்லையாக நறுக்கி, வெங்காயம், வினிகர், சூடான கறிச்சாறு கலந்தால், சுடுசோறு குழம்பை இழுக்கிற மாதிரி இழுத்துக்கும். ஆறின கிழங்கு இழுக்காது. கூடவே ஆப்பிள், கிராம்பு போட்டு வேகவைத்த சிவப்பு முட்டைக்கோஸ், ஒரு எலுமிச்சைத் துண்டு.

பன்றிக்கறி ஆகாதவருக்குக் கோழியில் இதே பக்குவம். அழைக்கும்போதே "என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். விருந்தோம்பலில் அதுதான் முதல் பாடம்.