பழைய கணினிகள் எங்கே போக வேண்டும்?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண் சொக்கும் நேரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். "உங்கள் பள்ளியில் ஓடாத கணினி இருக்கிறதா?" என்று சற்று முன் கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் கை உயர்த்தினீர்கள். "எத்தனை இருக்கிறது?" என்று கேட்டதும் பாதிக் கைகள் இறங்கிவிட்டன. இன்றைய பேச்சு அந்த இறங்கிய கைகளைப் பற்றியதுதான்.

நான் கணினி ஆசிரியர் அல்ல. அறிவியல் பாடம் நடத்துபவள். பழைய ஆய்வகக் கணினிகளுக்கு வழி காணும் பொறுப்பு எங்கள் பள்ளியில் என்னிடம் வந்தது. அந்த வேலையில் கற்றதைப் பகிர்ந்துகொள்ளவே வந்திருக்கிறேன்.

பழைய கணினிகளில் மூன்று வகை உண்டு. இன்னும் வேலை செய்யக் கூடியவை, வரலாற்று மதிப்பு உள்ளவை, கழிவாகிப் போனவை. மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. எது எந்த வகை என்று தெரியாததால்தான் எல்லாமே ஒரே மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. வகை பிரிக்க முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல்.

பட்டியலால் பிழைத்த கணினி

"ஒரு பட்டியலுக்கு இவ்வளவு பெருமையா?" என்று கேட்கலாம். இங்கிலாந்தில் நடந்த ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறேன்.

ஹார்வெல் என்னும் ஊரில் உள்ள அணு ஆற்றல் ஆய்வு நிலையத்தில் 1951இல் ஒரு கணினி இயங்கத் தொடங்கியது. எடை இரண்டரை டன். 'டெக்கட்ரான்' என்னும் வாயுக் குழாய்கள்தான் அதன் நினைவகம். ஒவ்வொரு குழாயிலும் ஓர் ஒளிப்புள்ளி பத்து நிலைகளில் சுற்றி வரும்; மணிச்சட்டத்தில் மணியைத் தள்ளுவது போல அது எண்ணிக்கொண்டே போகும். வேகம் மிகக் குறைவு. ஒரு பெருக்கலுக்கே பல விநாடிகள் ஆகும். கைக்கணிப்பானோடு அதனுடன் போட்டியிட்ட ஒரு கணக்கர் அரை மணி நேரம் ஈடுகொடுத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இயந்திரமோ களைப்பில்லாமல் நாள்கணக்கில் ஓடியது.

சில ஆண்டுகளில் அதைவிட வேகமான கணினிகள் வந்துவிட்டன. இது ஓரங்கட்டப்பட வேண்டிய நிலை. 1957இல் ஒரு போட்டி அறிவித்தார்கள். இந்தக் கணினியைக் கொண்டு என்ன செய்வோம் என்பதை மிகச் சிறப்பாக எடுத்துரைக்கும் கல்லூரிக்கு அது பரிசு. உல்வர்ஹாம்ப்டன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி வென்றது. ஆய்வு நிலையத்துக்குக் குறையாகத் தெரிந்த மெதுவான வேகம் வகுப்பறையில் நிறையாகிவிட்டது. கணக்கு நடப்பதை மாணவர்கள் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. 1973 வரை அங்கே அது பாடம் சொல்லிக் கொடுத்தது.

பிறகு பர்மிங்காம் நகர அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனது. 1997இல் அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டது. கணினியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கிடங்கில் வைத்தார்கள். ஆண்டுகள் கழிந்தன. அந்தக் கிடங்கின் ஒளிப்படம் ஒன்றில் அதன் கட்டுப்பாட்டுப் பலகை மட்டும் தெரிந்தது. சிறுவயதில் இந்தக் கணினியைப் பார்த்திருந்த கணினி வரலாற்று ஆர்வலர் கெவின் மரல் அதை அடையாளம் கண்டுகொண்டார். 2009இல் பிளெச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து, தன்னார்வலர்கள் மூன்று ஆண்டுகள் பாடுபட்டுச் சரிசெய்தார்கள். 2012 நவம்பர் 20 அன்று மீண்டும் ஓடியது. முதலில் கட்டிய பாகங்களோடு இன்றும் இயங்கும் உலகின் மிகப் பழைய மின்னணுக் கணினி என்று அதைச் சொல்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. முதலாவது, "யாருக்கு வேண்டும்?" என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை, "வைத்து என்ன செய்வீர்கள்?" என்றும் கேட்டார்கள். இரண்டாவது, கிடங்கில் கிடந்ததை யாரோ படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படம் இல்லையென்றால் அது மரச்சட்டங்களோடு சேர்ந்து மறைந்தே போயிருக்கும்.

எங்கள் பட்டியல்

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து இரண்டு மாலைகளில் பட்டியல் எடுத்தோம். வரிசை எண், இருப்புப் பதிவேட்டில் உள்ள எண், பொருளின் பெயர், வந்த ஆண்டு, இயங்குகிறதா, என்ன குறை, ஒளிப்படம் என ஏழு கட்டங்கள். எங்களிடம் பன்னிரண்டு கணினிகள் இருந்தன. மின்சாரம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று உடனே ஓடின. மற்றவற்றின் நினைவகப் பட்டைகளையும் மின்வழங்கிகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தியதில் மேலும் இரண்டு உயிர் பெற்றன. 'எல்லாம் போச்சு' என்று ஒதுக்கிய குவியலில் ஐந்து கணினிகள் நல்லவை!

இந்த வேலையில் பாதுகாப்பு முக்கியம். பெரிய குழாய்த் திரையையும் மின்வழங்கிப் பெட்டியையும் மாணவர்கள் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குழாய்த் திரைக்குள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலத்தைக் கழற்றினால் உடனே பத்திரப்படுத்துங்கள். சிறு குழந்தை அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

முதல் வகை: இன்னும் உழைக்கக் கூடியவை

பல கணினிகள் கெட்டுப்போனதால் ஓரங்கட்டப்படவில்லை. அவற்றின் இயங்குதளத்துக்குக் காலம் முடிந்ததுதான் காரணம். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கணினி நன்றாக இருந்தாலும் புதிய பதிப்பு அதில் ஏறாது. அப்படிப்பட்டவற்றில் எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவலாம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் எழுதவும் வரையவும் கணக்கு விளையாட்டு ஆடவும் தாராளமாகப் போதும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸை நம்மில் பலர் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே இயங்கி வருகின்றன.

எங்கள் ஐந்தில் இரண்டை அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்குத் தரலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் நான் பேசினேன். அவர் கேட்ட கேள்வியை இன்றும் மறக்கவில்லை.

"டீச்சர், புதுசு வேணும்னு நான் கேக்கல. ஓடினா போதும். ஆனா நின்னு போச்சுன்னா யாரைக் கூப்பிடுறது?"

நியாயமான கேள்வி. பழைய கணினியைக் கொடுப்பது சில நேரம் நம் தலைவலியை இன்னொருவர் தலையில் ஏற்றுவதாகவும் முடியும். நாம் பயன்படுத்தத் தயங்கும் ஒன்றை அடுத்த பள்ளிக்குத் தரக் கூடாது. எனவே மூன்று உறுதிகளோடுதான் கொடுத்தோம். ஒரு வாரம் எங்கள் பள்ளியில் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்பினோம். பழுதானால் எடுத்து மாற்ற உதிரிப் பாகங்களைத் தனியே வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை எங்கள் மாணவர் இருவர் போய்ப் பார்த்து வருகிறார்கள். கொடுத்ததை எங்கள் பதிவேட்டிலும், பெற்றதை அவர்கள் பதிவேட்டிலும் உரிய அனுமதியோடு எழுதினோம். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இப்போது அதில் தங்கள் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள்.

அனுப்பும் முன் உள்ளே பாருங்கள்

எந்தக் கணினியும் பள்ளி வாசலைத் தாண்டும் முன் அதன் வன்தட்டைப் பார்க்க வேண்டும். அலுவலக அறையிலிருந்து வந்த ஒரு கணினியில், பல ஆண்டுகளுக்கு முந்தைய உதவித்தொகைப் பட்டியல் அப்படியே இருந்தது. குழந்தைகளின் பெயர், பெற்றோர் பெயர், சாதி, வங்கிக் கணக்கு எண் எல்லாம். அந்தப் பெட்டி எடைக்குப் போயிருந்தால் அத்தனையும் அதோடு போயிருக்கும்.

கோப்புகளை அழிப்பதும் வன்தட்டை ஃபார்மேட் செய்வதும் போதாது. அது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் பாடங்களை விட்டுவைப்பது போன்றது. தட்டு முழுவதும் வேறு தரவை மேலெழுதும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். ஓடாத வன்தட்டாக இருந்தால் கழற்றித் தனியே வைத்து, உரிய மறுசுழற்சியாளரிடம் உடைத்து அழிக்கச் சொல்ல வேண்டும்.

அழிப்பதற்கு முன், காக்க வேண்டியது ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஆண்டு மலர், மாணவர் கவிதைகள், நாடகப் பிரதிகள் இருக்கக் கூடும். திறந்தால் எழுத்துகள் குழம்பித் தெரியலாம். பயப்பட வேண்டாம். ஒருங்குறி பரவும் முன் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம் இருந்தது. 1999இல் டாம், டாப் என்ற குறியாக்கங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010இல்தான் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் உண்டு.

இரண்டாம் வகை: வரலாறு சொல்பவை

1984-85இல் நம் நாட்டுப் பள்ளிகளில் 'கிளாஸ்' என்னும் கணினி அறிவுத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பயன்பட்டது இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ. கணினி முழுவதும் விசைப்பலகைப் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதன் பரவலான மாடலில் நினைவகம் 32 கிலோபைட்தான். 4 ஜிபி உள்ள சாதாரணக் கைப்பேசியின் நினைவகம் அதைப் போல ஒரு லட்சத்து 31 ஆயிரம் மடங்கு! கணக்கு ஆசிரியர்கள் இதை அடுக்குகள் பாடத்தில் செய்துகாட்டலாம். 2இன் அடுக்கு 17 என்று அழகாக வரும்.

பிபிசி மைக்ரோவை உருவாக்கிய குழுவில் இருந்த சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும்தான் பிறகு ஏஆர்எம் என்ற செயலியை வடிவமைத்தார்கள். 1985இல் அந்த முதல் செயலி இயங்கியது. இன்று உங்கள் பையில் உள்ள கைப்பேசிக்குள் இருப்பது பெரும்பாலும் அதன் வழித்தோன்றலே. பழைய பள்ளி ஒன்றின் பீரோவில் அப்படியொரு விசைப்பலகைப் பெட்டி கிடைத்தால் அதைப் பழைய இரும்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

அவ்வளவு அரியதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நெகிழ்வட்டு, புள்ளி அச்சுப்பொறி, உருளை வைத்த சுட்டி எல்லாமே இன்றைய குழந்தைகளுக்கு அதிசயம்தான். ஒரு நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 எம்பி. "நீங்கள் எடுக்கும் ஒரு கைப்பேசிப் படம்கூட இதற்குள் அடங்காது" என்று சொல்லிப் பாருங்கள்; வட்டு கைமாறிக்கொண்டே இருக்கும். எங்களிடம் ஓடாமல் போன ஒரு பெட்டியைத் திறந்து, பாகங்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, அறிவியல் ஆய்வகத்தில் வைத்திருக்கிறோம். உண்மையிலேயே அரிய பொருளானால், படத்தோடும் வந்த ஆண்டோடும் சென்னையிலுள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம், அருகிலுள்ள பொறியியல் கல்லூரி போன்றவற்றுக்கு எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். பாதுகாத்து வைப்பதானால் உள்ளே இருக்கும் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். அது கசிந்தால் தாய்ப்பலகையை அரித்துவிடும்.

மூன்றாம் வகை: கழிவு

மிஞ்சியவை கழிவு. இவற்றுக்கும் சேர வேண்டிய இடம் உண்டு. குழாய்த் திரையின் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. முதல் தலைமுறைத் தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்குகளில் பாதரசம் உண்டு. செம்புக்காகக் கம்பிகளை எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் கிளம்பும். எடைக்கு எடுப்பவர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அது அவர் பிழைப்பு. ஆனால் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவை பல நேரம் அவர் வீட்டுக் குழந்தைகள்தான். அந்தக் குழந்தைகளில் சிலர் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நாம் கற்பித்துச் சேர்ப்பதை நம் கழிவே குறைத்துவிடக் கூடாது.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, கடந்த 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் கிடைக்கிறது. அரசுப் பொருள் என்பதால் நாமாக எதையும் அனுப்ப முடியாது. தலைமையாசிரியர் வழியாகப் பட்டியலை மேலலுவலகத்துக்கு அனுப்பி, பயன்படுத்த இயலாதவை என்று அறிவிக்கும் ஆணையைப் பெற்ற பிறகே நகர்த்த வேண்டும். அதற்கு நாளாகும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் மீதமுள்ளவை அந்த ஆணைக்காகத்தான் காத்திருக்கின்றன. தெளிவான பட்டியலும் படமும் இருந்தால் கோப்பு நகர்வதற்கு அதுவே துணை. ஒன்றியத்தில் நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால், வண்டி அனுப்பி எடுத்துச் செல்ல மறுசுழற்சியாளரும் முன்வருவார்.

நண்பர்களே, உங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். வரும் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்குங்கள். நான்கு மாணவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். ஏழு கட்டம் போட்ட ஒரு தாள் போதும். எண்ணி எழுதி, படம் எடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். உங்கள் ஊரிலேயே ஒரு தொடக்கப் பள்ளியோ, நூலகமோ அதில் ஒன்றுக்குக் காத்திருக்கலாம். அடுத்த பயிற்சியில் இதே கேள்வியை மறுபடியும் கேட்பேன். அப்போது எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.