வினையூக்கித் தொழிலும் வறண்ட நிலத்தின் நீரும்

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், அகளிக்கு மேற்கேயுள்ள மலைச் சரிவுகளில் மழை மிகுதி. கிழக்கே செல்லச் செல்ல மழை மறைவு நிலம். சிறுவாணியும் பவானியும் இங்கிருந்து ஓடியே கொங்கு நாட்டை வாழ்விக்கின்றன. ஆயினும் அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியில் காடு அழிந்தது, கொடுங்கரைப்பள்ளம் வறண்டது. அதனை மீட்கவே ஜப்பானிய நிதியுதவியுடன் 1996-இல் சுற்றுச்சூழல் மீட்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இவ்வாறு அரும்பாடுபட்டுச் சேர்த்த நீரை வறண்ட வட்டாரத்தில் அமையும் ஓர் ஆலை எவ்வாறு செலவிட வேண்டும்? வினையூக்கித் தொழில் இதற்கு நல்ல விடை தருகிறது.

உர ஆலைகளுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வினையூக்கி இன்றியமையாதது. செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் நைட்ரேட்டுக் கரைசலில் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தால் வீழ்படிவு கிடைக்கும். அதில் தங்கும் சோடியம் வினையூக்கியின் ஆற்றலைக் கெடுக்குமாதலால், பலமுறை கழுவ வேண்டும். நீர் பெரிதும் செலவாவது இங்கேதான்.

ஓர் எளிய கணக்கு: வடிகட்டிய வீழ்படிவில் 1 லிட்டர் உப்புநீர் தங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் 9 லிட்டர் புதுநீர் ஊற்றி மூன்று முறை கழுவினால், 27 லிட்டர் செலவாகி, உப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். புதுநீரைக் கடைசிக் கழுவலுக்கு மட்டும் கொடுத்து, அதில் வடிந்த நீரை முந்திய கழுவலுக்கும், பின் அதற்கும் முந்தியதற்கும் எதிர்த்திசையில் அனுப்பினால், 10 லிட்டரே அதைவிடச் சற்றுக் கூடுதலான தூய்மை தரும்.

வேறு வழிகளும் உண்டு. நுண்துளைத் தாங்கிப் பொருள் உறிஞ்சும் அளவுக்கே உலோகக் கரைசலை ஊட்டினால், கழுவும் தேவை பெரிதும் குறையும். உலர்த்தும்போது எழும் ஆவியைக் குளிர்வித்தும் நீரை மீட்கலாம். சென்னைக் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு அளிக்கும் நிலையம் 2019-இல் தொடங்கப்பட்டது. குடிநீரைத் தொடாமல் தொழில் நடத்த அதுவும் ஒரு வழியே.

நீர் குறையும்போது எஞ்சும் கழிவில் உப்பு செறிவாகும் என்பதையும் மறத்தலாகாது. அதனை ஓடையில் விட்டால் சேமிப்பின் பயன் முழுவதும் பாழாகும். நைட்ரேட்டு கிணற்றுநீரையும் கெடுக்கும். அவ்வுப்பைப் பிரித்தெடுக்கும் செலவும் ஆலையின் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

ஆகவே, ஆலைக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்று மட்டும் கேட்பது போதாது. ஒவ்வொரு லிட்டரும் எத்தனை முறை பயன்படும், இறுதியில் எங்கே சேரும் என்றும் கேட்க வேண்டும்.