படிக்கட்டும் ஒரு சங்கிலி

பாக்குநீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். பலர் ஓட இயலாதவாறு சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர்.

நம் குடாநாட்டுப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் சங்கிலி இல்லை. ஆயினும், சக்கர நாற்காலியில் வருபவரை மேல்மாடிக்கு ஏற்றிவிட்டு, இறக்கும் வழியை எண்ணாதிருந்தால், படிக்கட்டே அவருக்குச் சங்கிலியாகும். தீப்பற்றிய வேளையில் மின்தூக்கியை நம்பலாகாது. அவரைத் தூக்கி இறக்குவோர் யாவர் என்பதை இன்றே வகுத்துவையுங்கள். தூக்கும் முறையை அவரிடமே கேட்டறியுங்கள். விழிப்புலனற்றவரைப் பிடித்திழுக்காதீர்கள், அவர் உங்கள் முழங்கையைப் பற்றிக்கொள்ளட்டும். செவிப்புலனற்றவருக்கு அபாயமணி கேளாது. தோளைத் தொட்டு வாயிலைக் காட்டுங்கள்.

ஒத்திகை நடத்தும்போது இவர்களை ஒதுக்கி அமர்த்தாதீர்கள். முதலில் ஒத்திகை பார்க்கவேண்டியது இவர்களோடுதான்.